வாயால் சரிசெய்த வீடுகள்

நெல்லித்தோப்பில் ராமலிங்கம் வைத்திருக்கும் எலக்ட்ரிக்கல் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் தையல்நாயகி. வயது நாற்பத்தி இரண்டு. ஏழு வருடமாக அங்கேதான் வேலை. கடைக்கு வருகிறவர்கள் இன்ன சாமான் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பது குறைவு. வீட்டில் என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டுதான் படியேறுவார்கள்.

"ப்ளக் பாயின்ட்டு வேலை செய்யலம்மா. சாக்கெட்டு குடு."

"ஒண்ணு மட்டுமா, பக்கத்துல இருக்கறதும் சேந்தா?"

"ரூம்ல ரெண்டு, வராண்டாவுல ஒண்ணு."

"லைட்டு, ஃபேனு?"

"அதெல்லாம் ஓடுது."

"அப்ப சாக்கெட்டு வாங்காதீங்க. மூணும் ஒரே நாள்ல கெட்டுப்போவாது. மூணுக்கும் முன்னாடி எங்கியோ ஒரு எடத்துல கம்பி விட்டிருக்கும். கடைசியா வேலை செய்யற ப்ளக்கு எதுன்னு பாருங்க. அதத் தொறந்து பாக்கச் சொல்லுங்க வயர்மேன."

மூன்று சாக்கெட் விற்கவேண்டிய இடத்தில் ஒரு திருகாணிகூட விற்காமல் ஆளை அனுப்புகிறாளே என்று ராமலிங்கத்துக்கு ஆரம்பத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அப்படிப் போனவர்கள் அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். "நீ சொன்ன எடத்துலதான்மா இருந்திச்சி" என்றார்கள். புது வீடு கட்டும்போது மொத்த ஒயரையும் அங்கேயே வாங்கினார்கள். அதன்பிறகு அவர் ஒன்றும் சொல்வதில்லை.

திரும்பி வராதவர்களும் உண்டு. தையல்நாயகிக்கு அவர்கள் நினைவுதான் அதிகம். மாலையில் அரியாங்குப்பம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது யோசித்துக்கொண்டே போவாள். மோட்டார் ஸ்விட்சில் கருகல் வாடை வருகிறது என்று சொன்ன அந்த வெள்ளைத் தாடிக்காரர் அதை மாற்றினாரா? மழை வந்தால் காலிங் பெல் தானாக அடிக்கிறது என்ற பெண், வாசல் பெட்டியைத் திறந்து பார்த்தாளா? உள்ளே தண்ணீர் இருந்ததா, எறும்பு இருந்ததா? வாயால் சொல்லிச் சரிசெய்த வீடுகள் நூறாவது இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் முறையாகப் படித்தவள். அவளுடைய அப்பா பக்கிரி மில் தொழிலாளி. ஷிஃப்டுகள் குறைந்துகொண்டே வந்த காலத்தில், மகளுக்குக் கைத்தொழில் ஒன்று வேண்டும் என்று அவளை ஐ.டி.ஐ.க்கு அழைத்துப் போனார். விண்ணப்பம் வாங்கிய குமாஸ்தா பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பேர்லயே தையல் இருக்குது. டெய்லரிங்ல போட்டுடவா?" பதினெட்டு வயதுத் தையல்நாயகி, "இல்ல சார், வயர்மேன்" என்றாள். அப்பாவுக்கே அது அப்போதுதான் தெரியும். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது, "கரன்ட்டுன்னா பயமில்லியா ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். சரி என்றார்.

இருபது பேர் வகுப்பில் இரண்டே பெண்கள். இன்னொருத்தி ஆறு மாதத்தில் நின்றுவிட்டாள். தையல்நாயகி இரண்டு வருடமும் படித்துத் தேறினாள். மரப்பலகையில் க்ளிப் அடித்து ஒயர் இழுக்கும் பயிற்சியில் அவள் இழுத்த கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கோளாறு கண்டுபிடிப்பதுதான். ஆசிரியர் பலகையின் பின்னால் எங்காவது ஒரு இணைப்பைத் தளர்த்தி வைத்துவிட்டு, "எங்கன்னு சொல்லு" என்பார். பையன்கள் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். அவள் கழற்றமாட்டாள். முதலில் நின்று பார்ப்பாள். எது எரிகிறது, எது எரியவில்லை, இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று விரலால் காற்றில் கோடு போடுவாள். பிறகு ஒரே ஒரு திருகாணியைத் தொடுவாள். அது சரியாக இருக்கும் அந்த நொடிக்காகவே காலையில் எழுந்து ஓடினாள்.

படிப்பு முடிந்து மூன்று மாதம் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தாள். அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை புருஷோத்தமன், பள்ளிக்கூட வேன் டிரைவர். பாகூர் பக்கத்தில் நெல் வயல் உள்ள குடும்பம். அவருக்கு ஒரே தம்பி, இளம்பரிதி, பத்தொன்பது வயது. அண்ணியிடம் வந்து, "மோட்டாருக்கு மூணு ஒயரு எதுக்கு அண்ணி?" என்று கேட்டுக்கொண்டு நிற்கும் ரகம்.

கல்யாணமான ஏழாவது மாதம், ஐப்பசி மழையில், வயலில் இருந்த மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொட்ட இளம்பரிதி அப்படியே போய்விட்டான். ஈரத் தரை, வெறுங்கால். தையல்நாயகி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் புருஷோத்தமன் அவள் கையை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்தார்.

"இது மேல சத்தியம் பண்ணு. இனிமே கரன்ட்டுல கை வெக்க மாட்டேன்னு சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவளும் சொன்னாள்.

இருபது வருடம் ஆயிற்று. அரியாங்குப்பத்தில் அவர்கள் கட்டிய சின்ன வீட்டில் ட்யூப் லைட் மாற்றவும் ஆள் வரும். வந்தவர் ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் சமையலறைக்குள் போய்விடுவாள். மகள் கவிநிலா வளர்ந்து நர்சிங் படித்துச் சென்னையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். அவள் ஒன்பதாவது படிக்கும்போதுதான் ராமலிங்கத்தின் கடையில் ஆள் தேவை என்று தெரிந்தது. புருஷோத்தமன் நேரில் வந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரியைத் தட்டினார்.

"எல்லாம் டப்பாவுல இருக்கற சாமான்தான?"

"ஆமாங்க" என்றாள்.

"சரி."

கடையில் பல்ப் விற்றால் எரிகிறதா என்று போட்டுக் காட்டிக் கொடுக்கவேண்டும். சுவரில் அதற்கென்று ஒரு ஹோல்டரும் ஸ்விட்சும் உண்டு. முதல் நாளே, "அத மட்டும் நீங்க பாத்துக்குங்க அண்ணே" என்று ராமலிங்கத்திடம் சொல்லிவிட்டாள். இத்தனை தெரிந்தவளுக்குக் கரன்ட் என்றால் இவ்வளவு பயமா என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். தையல்நாயகி அதைத் திருத்தவில்லை.

சரிதா கடைக்கு முதலில் வந்தது போன மாசி மாதத்தில். சாரம் பகுதியில் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்கு வேலை பார்க்கிறவள். ஒரு சாக்கெட் வாங்கிப் போனாள். நான்கு நாளில் திரும்பி வந்து இன்னும் இரண்டு கேட்டாள். மூன்றாவது முறை வந்தபோது கண்ணெல்லாம் தூக்கமில்லாமல் இருந்தது.

"எல்லா சாக்கெட்டும் மாத்தியாச்சி அக்கா. வேலை செய்யல. ரெண்டு பேரு வந்து பாத்துட்டாங்க. ரெண்டாவது ஆளு செவுத்த ஒடைச்சி புது பைப்பு போடணும்ன்றாரு. அப்பா அந்த ரூம்லதான் படுத்திருக்காரு. எப்பிடி ஒடைக்கறது?"

தையல்நாயகி மெல்லக் கேட்டுக் கேட்டு விவரம் வாங்கினாள். சரிதாவின் அப்பா கிருஷ்ணசாமிக்கு ஒரு பக்கம் பக்கவாதம். பேச்சும் போய்விட்டது. முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறார்கள். சின்ன மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டே இருந்து மெத்தைக்குக் காற்றடிக்க வேண்டும். பின்னறையில் எந்த ப்ளக்கிலும் கரன்ட் இல்லாததால், ஹாலில் இருந்து நீள ஒயர் இழுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு முறை யாரோ கால் தடுக்கி அது பிடுங்கிக்கொண்டது. ஒருமுறை யாரும் கவனிக்கவில்லை. மெத்தை சப்பையாகி, அப்பா இரும்புக் கட்டில்மேல் இரண்டு மணி நேரம் கிடந்திருக்கிறார்.

"வயர்மேன் டெஸ்டர் வெச்சிப் பாத்தாரா?"

"பாத்தாரு. எரியுது, கரன்ட்டு வருதுன்னாரு."

"ப்ளக்கோட எந்த ஓட்டையில எரிஞ்சிது?"

சரிதா யோசித்தாள். "ரெண்டுலயும் எரிஞ்சிதுக்கா. அவரே என்னாடா இதுன்னாரு."

"அப்ப பக்கத்து ப்ளக்குல எதனா சொருகி இருந்திச்சா?"

"மெத்தை மோட்டாரு சொருகியிருந்தேன், ஒருவேள ஓடுமான்னு."

தையல்நாயகிக்கு உடம்பில் பழைய சுறுசுறுப்பு ஒன்று ஏறியது. கவுண்டரின் கண்ணாடி மேல் விரலால் இரண்டு கோடு போட்டாள்.

"இதோ பாரும்மா. கரன்ட்டு போறதுக்கு ஒரு கம்பி, திரும்பி வரதுக்கு ஒரு கம்பி. போற கம்பி நல்லாதான் இருக்குது. திரும்பற கம்பி, நியூட்ரலுன்னு சொல்லுவாங்க, அது எங்கியோ விட்டுப்போச்சி. போன கரன்ட்டு மோட்டாருக்குள்ள பூந்து அந்தாண்ட வந்து நிக்குது, போறதுக்கு வழியில்ல. அதான் ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியுது. செவுத்த ஒடைக்க வேணாம். ஹாலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல எங்கியோ ஒரு திருகாணி லூசா இருக்குது, அவ்ளோதான்."

சரிதா அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத அவங்ககிட்ட எனக்குச் சொல்லத் தெரியாதுக்கா. நீங்களே வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போவக்கூடாதா?"

"நான் வேலை செய்யறதில்லம்மா" என்றாள் தையல்நாயகி. பில் போடுவதற்கு ஒன்றும் இல்லை. சரிதா வெறுங்கையோடு படியிறங்கிப் போனாள்.

அதன்பிறகு ஒரு வாரம் அந்த வீட்டின் சுவர் அவளைவிட்டுப் போகவில்லை. சோறு வடிக்கும்போது ஹாலில் ஆரம்பித்து அந்த லைனைத் தொடர்ந்து நடப்பாள். இங்கே ஒரு ப்ளக், அடுத்து ஒன்று, அப்புறம் நடை, அப்புறம் பின்னறை. பார்க்காத வீடு ஆகையால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி இருந்தது. எத்தனையோ வீடுகளைப் பற்றி இப்படி நினைத்திருக்கிறாள். ஆனால் இதில் ஒரு மனிதர் இரும்பின் மேல் கிடந்தார்.

சனிக்கிழமை சரிதாவுக்கு போன் செய்தாள். ஞாயிறு காலை புருஷோத்தமனிடம், "சாரத்துல ஒரு பெரியவர் படுத்த படுக்கையா இருக்காரு. பாத்துட்டு வந்துடறேங்க" என்றாள். சொன்ன எதுவும் பொய்யில்லை. முன்தினம் கடையில் தன் பெயரில் வாங்கிய ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் ப்ளேயரும் சாக்கெட் ஒன்றும் ரப்பர் செருப்பும் கைப்பையில் இருந்தன. ஒரு ஹோல்டரில் பல்ப் மாட்டி இரண்டு ஒயர் விட்ட சோதனை விளக்கைக் கடைப் பின்கட்டில் உட்கார்ந்து அவளே செய்திருந்தாள்.

சரிதாவின் வீடு நீளமானது. முன்னால் ஹால், நடுவில் குறுகலான நடை, கடைசியில் பின்னறை. நடையின் தரையோடு ஒட்டிய டேப்புக்கு அடியில் அந்த நீள ஒயர் ஓடியது. தையல்நாயகி முதலில் பின்னறைக்குப் போய்க் கட்டிலருகே நின்றாள். கிருஷ்ணசாமி கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஐயா, கொஞ்ச நேரம் கரன்ட்ட நிறுத்தப்போறேன். மெத்தை எறங்கும். அதுக்குள்ள முடிச்சிடறேன்."

"அரை மணி தாங்கும்க்கா" என்றாள் சரிதா.

மெயின் போர்டில் பழைய பீங்கான் ஃபியூஸ்கள். எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் ஹால் ப்ளக் நிற்கிறது என்று பார்த்து, அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். தெரியாமல் யாரும் போட்டுவிடக்கூடாது. பிறகு சோதனை விளக்கை வேறொரு லைனில் வைத்து எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்தது. ஹால் ப்ளக்கில் வைத்தாள். எரியவில்லை. இன்னொரு முறை வைத்தாள். மூன்றாவது முறையும் வைத்தாள். மோட்டார் கொட்டகையும் ஈரத் தரையும் நினைவுக்கு வந்தன. கைப்பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்புறம் திருகாணியைக் கழற்றினாள்.

டி.வி.க்குப் பின்னால் இருந்த அந்த ப்ளக்தான் கடைசியாக வேலை செய்வது. உள்ளே நியூட்ரல் கம்பிகள் இரண்டும் இறுக்கமாக, சுத்தமாக இருந்தன. இங்கே இல்லை. பின்னறையின் முதல் ப்ளக்கைத் திறந்தாள். அங்கேயும் நன்றாக இருந்தது. அப்படியென்றால் நடுவில். நடுவில் நடைதான் இருந்தது. நடையில் ப்ளக் எதுவும் இல்லை. ஒரு பக்கம் ஜன்னல். மறுபக்கம் மரத்தில் கண்ணாடி போட்ட ஆளுயர ஷோகேஸ்.

"இதுக்குப் பின்னாடி என்னா இருக்குது?"

"செவுருதான்."

"ப்ளக்கு, ஸ்விட்சு, எதனா?"

"இல்லியே. நான் பாத்ததில்ல."

பின்னறையிலிருந்து டங் என்று சத்தம் வந்தது. மறுபடி ஒருமுறை வந்தது. கிருஷ்ணசாமி நல்ல கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஓடினார்கள். வலிக்கிறதா, தண்ணீரா என்று சரிதா கேட்டாள். அவர் இல்லை என்று தலையை அசைத்தார். இடது கையைத் தூக்கி நடைப் பக்கம் காட்டினார். பிறகு காற்றில் மேலிருந்து கீழாக ஒரு பெட்டி வரைந்தார். கதவைத் திறப்பது போல ஒரு சைகை செய்தார்.

தையல்நாயகிக்குத்தான் முதலில் புரிந்தது. "ஃப்ரிட்ஜா ஐயா? அங்க ஃப்ரிட்ஜு இருந்திச்சா?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். வாய் கோணியபடி ஏதோ ஒலி வந்தது.

"ஆமாக்கா" என்றாள் சரிதா. "அம்மா இருந்தப்ப பழைய ஃப்ரிட்ஜு அங்கதான் இருந்திச்சி. நான் சின்னப் பொண்ணு. எனக்கு மறந்தே போச்சி."

இருபத்தைந்து வருடம் முன்பு வீட்டைக் கட்டியவர் அவர்தான். ஒரு மாதமாக இரண்டு வயர்மேன்கள் அவர் தலைக்கு மேலே நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். யாரும் அவரைக் கேட்கவில்லை.

பொம்மைகளையும் பீங்கான் தட்டுகளையும் இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெண்களும் ஷோகேஸை மூலைக்கு நகர்த்தினார்கள். சுவரில் ஒட்டடைக்குள் ஒரு ப்ளக் இருந்தது. ஒரு ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. கழற்றியபோது நியூட்ரல் கம்பி கருகித் தனியாக வந்தது. பின்னறைக்குப் போகும் கம்பியும் அந்தத் தளர்ந்த திருகாணியின் கீழிருந்துதான் போயிருந்தது.

"சமீபத்துல பெருசா எதனா சொருகுனியா, அந்த ரூம்ல?"

"அப்பாவுக்கு வெந்நிக்கு கெட்டில் வாங்கனேன். தை மாசம்."

"அதான். இத்தினி வருசமா லூசா இருந்திருக்குது. கெட்டிலோட இழுப்பு தாங்காம எரிஞ்சிப்போச்சி. ஹாலு, ரூமு எல்லாமே இந்த ஒரே ஒயர்லதான் ஓடுது. கெட்டில அடுப்படியில வெச்சிக்கோ."

கருகிய பாகத்தை வெட்டி, நல்ல செம்பு தெரியும்வரை மேலுறையைச் சீவினாள். செம்பைப் பார்த்ததும் கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கட்டை விரலால் முறுக்கும் அளவு, திருகாணியை முடுக்கும்போது கடைசியில் வரும் அந்த இறுக்கம், இழுத்துப் பார்க்கும் பழக்கம். ஒயருக்குப் புது இணைப்பு கொடுத்து, புது சாக்கெட் மாட்டினாள். எல்லாம் இருபது நிமிடம். இருபது வருடமாக அவள் வேறு எதையும் இவ்வளவு சீக்கிரம் செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ஃபியூஸைப் போட்டாள். சரிதா மெத்தை மோட்டாரைப் பின்னறை ப்ளக்கிலேயே சொருகினாள். அது முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மெத்தையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கிருஷ்ணசாமியின் தோள் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அவர் தையல்நாயகியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள், "நீங்கதான் சொன்னீங்க ஐயா" என்றாள்.

காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காபி மட்டும் குடித்தாள்.

பஸ்ஸில் வரும்போது ஒரே நினைப்பு, வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும். அவர் கோபிப்பார் என்று தெரியும். ஆனாலும் அவரிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்லி என்ன? கல்யாணமான புதிதில், இளம்பரிதி இருந்த அந்த ஏழு மாதத்தில், ஐ.டி.ஐ. கதைகளை அவர் கேட்டுக் கேட்டு வாங்குவார். மாடிப்படிக்குக் கீழே போட்ட லைட்டை மேலே எப்படி அணைக்க முடிகிறது என்று அவள் தீக்குச்சி அடுக்கிக் காட்டியபோது, மறுநாள் வேன் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களுக்கும் அதை விளக்கிவிட்டு வந்தவர் அவர்.

புருஷோத்தமன் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சரிதா கடைக்கு வந்தது, ஃபியூஸைப் பையில் போட்டுக்கொண்டது, பெரியவர் கட்டிலைத் தட்டியது, கருகிய கம்பி. சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்கு இளசாகக் கேட்டது. அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

"கை காட்டு" என்றார்.

காட்டினாள். இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தியத்த மீறிட்டேன்" என்றாள்.

"அன்னைக்குத் தம்பி போறேன்னு சொல்லல" என்றார் புருஷோத்தமன். "மழ பெய்யுது, நாளைக்கு மோட்டாரு போட்டுக்கலாம்னான். நான்தான் போடா, சோம்பேறின்னேன். குட கூட எடுத்துக்காம போனான்."

இருபது வருடத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தையல்நாயகி அவர் மடியில் இருந்த சட்டையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இத்தினி நாளு ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கடைசியில் அவர் எழுந்தார்.

"ஒன்னோட வாழ்க்கைய நான் கட்டிப்போட்டுட்டேன். அது எனக்குத் தெரியும். நீ போவணும்னா போ. வேணாங்கல. ஆனா வந்து எங்கிட்ட சொல்லாத. நீ சொல்லச் சொல்ல எனக்கு அந்தக் கொட்டாய் வந்து நிக்குது. கேக்க முடியல என்னால."

அவள் சரி என்றாள். அதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் அவரை அடித்த மாதிரி இருந்திருக்கும்.

சரிதா கடைக்கு வந்து ராமலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ராமலிங்கம் தையல்நாயகியைப் பார்த்த பார்வையில் ஏழு வருடத்து ஆச்சரியமும் இருந்தது. "மொதல்ல கவருமெண்ட்டு பர்மிட்டு எடு தையலம்மா. அது இல்லாம யார் வூட்டுலயும் கை வெக்காத" என்றார். அவளும் அதையேதான் நினைத்திருந்தாள். விண்ணப்பித்து, பரீட்சை எழுதி, காத்திருந்து, ஆவணி மாதம் வயர்மேன் பர்மிட் கைக்கு வந்தது. கடையில் பல்ப் போட்டுக் காட்டுவதும் இப்போது அவள்தான். கோளாறு சொல்லிக்கொண்டு படியேறுகிறவர்களில் சிலர், "நீயே வந்துடும்மா" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். வாரத்துக்கு ஒரு வீடு, அதிகம் போனால் இரண்டு. வாயால் மட்டுமே தெரிந்திருந்த சுவர்களைக் கையால் தட்டிப் பார்க்கிறாள். நினைத்ததைவிட எல்லா வீடும் சின்னதாக இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு அலமாரியை நகர்த்த வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு முத்தியால்பேட்டையில் ஒரு வீடு. சமையலறை ப்ளக்குகள் காலையில் வேலை செய்யும், மத்தியானம் செத்துப்போகும், ராத்திரி மறுபடி வரும். மூன்று மாதமாக யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரம்மா பேய் என்றே முடிவு செய்திருந்தார். தையல்நாயகி ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தாள். மேற்குச் சுவரில் வெயில் விழும் இடத்தில்தான் இணைப்புப் பெட்டி இருந்தது. சுவர் சூடேறினால் உள்ளே விரிசல் விட்ட கம்பி விலகும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டபோது அவள் தனியாகவே சிரித்துவிட்டாள்.

பஸ்ஸிலிருந்து கவிநிலாவுக்கு போன் செய்து சொன்னாள். "சூப்பர்மா" என்றாள் மகள். "வார்டுல இருக்கேன், அப்பறம் பேசறேன்." ராமலிங்கத்திடம் நாளைக்குச் சொல்லலாம். அவர், "எத்தினி மீட்டர் ஒயரு ஆச்சி?" என்று கேட்பார்.

வீட்டில் புருஷோத்தமன் கதவைத் திறந்தார். எப்போதும் போல உச்சியிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை அவள் விரல்களில் வந்து முடிந்தது. பிறகு வழிவிட்டார். சோறும் கருவாட்டுக் குழம்பும் சூடாக இருந்தன. அவரே செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சமையலைச் சொல்லாமலே அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"வெயிலு சூடேறி..." என்று ஆரம்பித்தாள். அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கை தட்டிலேயே நின்றது.

"ஆமா, வெயிலு ஜாஸ்திதான் இன்னைக்கி" என்றார். "பஸ்ஸுல கூட்டமா?"

"இல்லிங்க. உக்காந்துதான் வந்தேன்."

"ஆத்துல தண்ணி இருக்குதா?"

"இருக்குது. பாலத்துக்கிட்ட ரெண்டு பேரு வல போட்டுக்கிட்டிருந்தாங்க." அவள் வலையைப் பற்றிச் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பூக்காரம்மாவைப் பற்றி, அந்தம்மாவின் மருமகளைப் பற்றி, முருங்கைக்காய் விலை ஏறியதைப் பற்றிச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார். நடுநடுவே கேள்வி கேட்டார். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். முத்தியால்பேட்டையில் இறங்கியதையும் அங்கிருந்து ஏறியதையும் சொன்னாள். நடுவில் இருந்த மூன்று மணி நேரத்தை மட்டும் சொல்லவில்லை.

"அப்பறம்?" என்றார் புருஷோத்தமன்.

"அவ்ளோதாங்க" என்றாள்.